பருத்திப்பாலுக்குப் பி.டி. கொட்டையா?

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் போனால் ஒரு டம்ளர் பருத்திப்பால் குடிக்காமல் திரும்ப மாட்டோம். வீட்டிலும் காய்ச்சுவேன். இப்போது வருவதெல்லாம் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கொட்டை, வேண்டாம் என்கிறான் மகன். திருமங்கலத்தில் பருத்தி போட்டிருக்கும் கொழுந்தனாரிடம் விதைத்தது போக அரைப் பாக்கெட் கொட்டை மிச்சம் இருக்கிறதாம். அதையாவது வாங்கிக்கொள்ளலாமா?
– செல்லூர் வாசகி

பதில்: கொழுந்தனார் கொட்டையை முதலில் தள்ளிவைத்துவிடுங்கள் அம்மா. விதைக்கென்று பாக்கெட்டில் வரும் கொட்டையில் பூச்சிமருந்தும் பூஞ்சாண மருந்தும் ஏற்றியிருப்பார்கள். யாரும் தெரியாமல் தின்றுவிடக் கூடாது என்றுதான் அதற்குச் சாயமும் பூசுகிறார்கள். எத்தனை தண்ணீரில் அலசினாலும் அது சாப்பாட்டுக்கு ஆகாது. மாட்டுக்கும் வைக்கக் கூடாது.

மகன் சொல்வதில் பாதி உண்மை. பி.டி. பருத்திக்கு 2002-ல் அனுமதி கிடைத்தது. இன்று நாட்டில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி.தான். கடைக்கொட்டையும் அநேகமாக அதுவே. கண்ணால் பார்த்துப் பிரிக்கவும் முடியாது. அதற்காகப் பருத்திப்பாலை விடச் சொல்ல மாட்டேன். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் (அதன் பெயர்ச் சுருக்கம்தான் பி.டி.) மரபணுவைச் செடிக்குள் புகுத்தியிருக்கிறார்கள். அதனால் உண்டாகும் புரதம் காய்ப்புழுவின் குடலில் போய் வேலை செய்யும். புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது, நம் வயிறு அமிலத்தன்மை உள்ளது; அதனால் நம்மிடம் அது வேலை செய்யாது. போதாததற்கு நீங்கள் அடுப்பில் வைத்து வேறு கொதிக்கவிடுகிறீர்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது காசிபால் என்ற நச்சு. அது நாட்டுக்கொட்டையிலும் உண்டு, பி.டி. கொட்டையிலும் உண்டு. நன்றாகக் கொதித்தால் வீரியம் குறையும். அதனால் அரைத்துப் பிழிந்த பாலைப் பச்சையாக ருசி பார்க்காதீர்கள். சுக்கு, கருப்பட்டி எல்லாம் பிறகு. தீவனக் கடையில் வாங்கும்போது பஞ்சு ஒட்டிய, சாயம் ஏறாத, பூசண வாடை அடிக்காத கொட்டையாகப் பார்த்து வாங்குங்கள். பி.டி.யே வேண்டாம் என்று மகன் பிடிவாதம் பிடித்தால், கரிசல் பக்கம் தெரிந்தவர்களிடம் கருங்கண்ணிக் கொட்டை கேட்டுப் பாருங்கள். அது நாட்டுப் பருத்தி.

கேள்வி: மாட்டுத்தாவணியில் வாங்கிய இரண்டு கிலோ கத்தரிக்காயில் ஒன்றில்கூடப் புழு இல்லை. பி.டி. கத்தரியோ?

பதில்: பி.டி. கத்தரியை 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்தது, நிறுத்தியது நிறுத்தியபடியே இருக்கிறது. நம்மூர் மதுரையின் பெயரைத் தாங்கிய எம்.டி.யூ. 1 கத்தரி ரகத்தில்கூடச் செய்து பார்த்தார்கள், தோட்டத்துக்கு வரவில்லை. வங்கதேச விவசாயிகள் 2014 முதல் பயிரிடுகிறார்கள். இங்கே புழு இல்லையென்றால் மருந்து அடித்திருப்பார்கள் என்றே நான் கணக்குப் போடுவேன். ஓட்டை விழுந்த காய் ஒன்றிரண்டு கிடந்தால் எனக்கு அந்தக் கூடை மேல் நம்பிக்கை கூடும்.

கேள்வி: 'மரபணு மாற்றம் செய்யாதது' என்று அச்சிட்ட கேழ்வரகு மாவுக்கு 40 ரூபாய் கூடுதல். கொடுக்கலாமா?

பதில்: மரபணு மாற்றிய கேழ்வரகு சந்தையிலேயே கிடையாது. இல்லாததை இல்லை என்று சொல்வதற்கு எதற்கு 40 ரூபாய்? அந்தக் கவலை உண்டென்றால் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து வரும் சோயா எண்ணெய் பெரும்பாலும் மரபணு மாற்றிய சோயாவில் எடுத்தது. சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாகத் தங்காது என்பதால் நான் பயப்படுவதில்லை. வேண்டாம் என்பவர்களுக்குச் செக்கு நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் இருக்கவே இருக்கின்றன.