ஊசி போட்ட மாட்டுப் பால் தயிரா உறையல, ஏன்?

கேள்வி: வணக்கம் சார், நாங்க சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்து ஓரமா 6 மாடு வச்சிருக்கோம். ஒன்னுக்கு மடி வீங்கி பால் திரிதிரியா வந்துச்சு. தெரிஞ்சவரு வீட்ல மிச்சம் இருந்த பென்சிலின வாங்கி 2 நாள் போட்டேன், வீக்கம் வத்திருச்சு. இப்ப பால் வாங்குற அக்கா தயிர் உறையலன்னு சத்தம் போடுறாங்க. காய்ச்சித்தானே குடிக்கிறாங்க சார்?

பதில்: வணக்கம் தம்பி. அந்த மாட்டுப் பால இன்னிக்கே விக்கிறத நிறுத்துங்க, மத்த பாலோட ஒரே கேன்ல ஊத்திருந்தா கேன் முழுசும் போச்சு. அக்கா கோவப்பட்டது நியாயம்தான். உறைமோர்ல இருக்கிறதும் கிருமிதான், நல்ல கிருமி, பால்ல மருந்து தங்கியிருந்தா அது வளராது, பால் விடியிற வரைக்கும் அப்படியே தண்ணியா கெடக்கும். ஆனா உறைஞ்சிட்டா பால் சுத்தம்னும் நெனச்சிடாதீங்க, கொஞ்சமா மருந்து இருந்தா உறையத்தான் செய்யும்.

காய்ச்சினா கிருமி சாகும் தம்பி, மருந்து போகாது. பென்சிலின் ஒத்துக்காதவங்களுக்கு ஒடம்பு தடிச்சிடும். இன்னொன்னு, மடிய வீங்க வைக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி, பால் பைக்ல வெயில்ல கெடந்தா பெருகி விஷத்த விட்ரும், அந்த விஷமும் காய்ச்சினா போகாது.

எனக்கு ரொம்ப கவலையா இருக்கிறது நீங்க 2 நாள்ல நிறுத்துனதுதான். வீக்கம் வத்துனாலும் உள்ள சாகாம தப்பிச்ச கிருமி அடுத்த தடவ அதே மருந்துக்கு அடங்காம போகலாம், அது பால் வழியா, சாணி வழியா, உங்க கை வழியா வீட்டுக்குள்ளயும் வரலாம். பென்சிலின கண்டுபிடிச்ச பிளெமிங் 1945-ல நோபல் மேடையிலயே இத எச்சரிச்சிட்டுத்தான் போனாரு. நம்ம மலேசியாவுலயும் கொலிஸ்டின்னு ஒரு மருந்த, மனுசனுக்கு கடைசி கட்டத்துல குடுக்கிறது அது, தீவனத்துல கலக்கக்கூடாதுன்னு 2019-ல தடை போட்டாங்க.

பாட்டில் லேபிள்ல எத்தன நாள் பால் விக்கக்கூடாதுன்னு போட்டிருக்கும், கடைசி ஊசியிலேருந்து எண்ணுங்க. ஒரு காம்புதான் வீங்குச்சு, மத்த மூனுலயும் கறக்கலாம்னு நெனைக்காதீங்க, மருந்து ரத்தத்துல போயி நாலுலயும் வரும். அந்தப் பால கன்னுக்கும் ஊட்டாதீங்க, குழி தோண்டி ஊத்துங்க. தெனம் மொத ரெண்டு பீச்சு கறுப்புத் தட்டுல விட்டுப் பாருங்க, திரி இருந்தா பளிச்சுனு தெரியும், அந்த மாட்ட கடைசியா கறங்க. மறுபடி வீங்குனா ஊசிய தொடாம, மருந்து போடுறதுக்கு முன்னாடியே சுத்தமான பாட்டில்ல கொஞ்சம் பால் புடிச்சிக்கிட்டு கால்நடை இலாகா டாக்டர்கிட்ட போங்க, எந்த கிருமி, எந்த மருந்து கேக்கும்னு டெஸ்ட் பண்ணித் தரச் சொல்லுங்க.