எஸ்.க்யூ.எல். தெரியும் என்று நம்பி வந்துவிடாதீர்கள்

தம்பி, குன்னூரிலிருந்து எழுதுகிறேன் என்று பார்த்ததும் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டேன். எனக்குக் கோத்தகிரி. அக்டோபரில் ஜெர்மனிக்கு முதுகலை படிக்க வருவதாகச் சொல்லி, அறை வாடகை, குளிர், உயர்நிலை டேட்டாபேஸ் பாடம் மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள். வாடகை ஊருக்கு ஊர் மாறும். மாணவர் விடுதிக்கு இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். உறைபனியில் விடியற்காலை பஸ்ஸுக்கு நின்று பழகியவருக்குக் குளிரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கனமான கோட்டை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம்.

பாடத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. "எஸ்.க்யூ.எல். நன்றாக வரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் மொழிதானே அது. 2011இல் நானும் அந்தத் தைரியத்தில்தான் வந்து இறங்கினேன். இங்கே அந்த மொழியில் க்வெரி, அதாவது கேள்வி, எழுதச் சொல்ல மாட்டார்கள். க்வெரியை நிறைவேற்றும் மென்பொருளையே சி++ என்ற நிரல் மொழியில் கட்டச் சொல்வார்கள்.

முதல் பயிற்சி பஃபர் மேலாளர்; டிஸ்க்கிலிருந்து எடுத்த தகவலை நினைவகத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பகுதி அது. டேட்டாபேஸ் டிஸ்க்கைப் பக்கம் பக்கமாகத்தான் படிக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஒரு பக்கம் வழக்கமாக 8 கிலோபைட். நினைவகம் நிரம்பினால் ஒரு பக்கத்தை வெளியேற்ற வேண்டும். அதில் திருத்தம் நடந்திருந்தால் டிஸ்க்கில் எழுதிய பிறகே வெளியேற்ற வேண்டும். நான் அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். சின்னச் சோதனைகளில் நினைவகம் நிரம்பவேயில்லை, எல்லாம் சரியாக ஓடியது. பெரிய சோதனையில் பதிவுகள் காணாமல் போயின. காரணம் தெரிய பதினொரு இரவுகள் ஆயின.

அந்த நாட்களில் சில தமிழ் சீனியர்கள் பழைய விடைகளை நீட்டினார்கள். வாங்காதீர்கள். பத்துப் பேர் ஒரே வீட்டில் கூடிச் சமைத்து, ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் பார்த்து எழுதும் பழக்கத்தை நம்மவர்கள் சிலர் கடல் கடந்தும் விடவில்லை. நிரல்களை ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் இங்கே உண்டு. என்னோடு வந்த ஒருவர் அதில் சிக்கி ஒரு செமஸ்டரை இழந்தார்.

கிளம்புவதற்கு முன்பே சி++இல் கை பழக்குங்கள். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் டேட்டாபேஸ் வகுப்புகள் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு வகுப்பையும் தாண்டாமல் பாருங்கள்.

கணினி திடீரென நின்றாலும் தகவலைக் காப்பாற்றும் மீட்புப் பாடம்தான் எனக்கு உயிர். சென்னை ஐஐடியில் படித்த சி. மோகனும் ஐ.பி.எம். சகாக்களும் 1992இல் வெளியிட்ட ஏரிஸ் முறை அது. திருத்திய பக்கம் டிஸ்க்குக்குப் போகும் முன்பே அந்தத் திருத்தம், திருத்தங்களை வரிசையாகக் குறித்துவைக்கும் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். கணினி விழுந்து எழுந்தால் பதிவேட்டை வரிசையாகப் படித்து நடந்ததை எல்லாம் மறுபடி நடத்தும். பிறகு பாதியில் நின்ற வேலைகளின் திருத்தங்களைப் பின்னோக்கி அழிக்கும். வகுப்பில் இதைக் கேட்டபோது, அம்மா வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில் எடை போடும் இடம் கண்முன் வந்தது. அம்மா கொழுந்தைத் தராசில் வைத்ததும் கணக்கப்பிள்ளை கைநோட்டில் எடையைக் குறிப்பார்; பெரிய புத்தகத்தில் சாயங்காலம்தான் ஏற்றுவார். ஒரு மழையில் பெரிய புத்தகம் நனைந்து மை கரைந்தபோது, கைநோட்டை வைத்தே மொத்தத்தையும் திரும்ப எழுதினார். யாருக்கும் கூலி குறையவில்லை.

ஜனவரியில் ஓர் இரவு, ஓடிக்கொண்டிருந்த என் நிரலை நடுவில் கொன்று மறுபடி எழுப்பினேன். எல்லாப் பதிவுகளும் இருந்தன. இங்கே இரண்டரை மணி, ஊரில் காலை ஏழு. அம்மா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கணக்கு ஒன்றுகூடக் குறையாமல் திரும்பி வந்துவிட்டது என்றேன்.

"கணக்கப்பிள்ளை யார்?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.