சிறு பாடற்குழுவில் இடம் பிடிக்க: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கே: மேற்கத்திய பாணியில் நான்கு குரல் வரிசைகளாகப் பாடும், பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்குக் குரல் தேர்வு அறிவித்திருக்கிறார்கள். உள்ளே என்னதான் கேட்பார்கள்?

ப: பெரும்பாலும் பத்து முதல் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் ஐந்து ஸ்வரங்களை ஏறி இறங்கிப் பாடச் சொல்லி, அரை ஸ்வரம் அரை ஸ்வரமாகச் சுருதியை உயர்த்திக்கொண்டே போவார்கள். பிறகு கீழே இறக்குவார்கள். நீங்கள் எந்தக் குரல் வரிசைக்குப் பொருந்துவீர்கள் என்று பார்க்கத்தான். பெண்களில் மேல் குரலான சோப்ரானோ என்றால் சி4 முதல் ஏ5 வரை, கீழ்க் குரலான ஆல்டோ ஜி3 முதல் ஈ5 வரை, ஆண்களில் மேல் குரலான டெனர் சி3 முதல் ஏ4 வரை, கீழ்க் குரலான பாஸ் ஈ2 முதல் ஈ4 வரை என்பது தோராயக் கணக்கு (எழுத்து மேற்கத்திய ஸ்வரப் பெயர், எண் அதன் ஸ்தாயி; சி4 பியானோவின் நடு சி). எட்டிப் பிடிக்கிற உச்ச ஸ்வரத்தைவிட, அலுப்பில்லாமல் அரை மணி நேரம் நிற்கக்கூடிய இடம் எது என்பதே முக்கியம். மேலே ஏ5 வந்துவிட்டது என்பதற்காக சோப்ரானோதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள்.

அடுத்து நீங்கள் தயார் செய்த பாடல். அதன்பின் செவிச் சோதனை: ஐந்தாறு ஸ்வரங்களை வாசித்துக் காட்டித் திருப்பிப் பாடச் சொல்வார்கள், மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்தி, நடு ஸ்வரத்தை மட்டும் பாடச் சொல்வார்கள். இதில் பலர் மேல் ஸ்வரத்தைப் பாடிவிடுகிறார்கள், காதுக்கு அதுதான் முதலில் எட்டுகிறது. வீட்டில் பியானோவிலோ கீபோர்டு செயலியிலோ தினம் பத்துத் தடவை பழகினால் சில வாரங்களில் பிடிபடும்.

கடைசியாக, இருக்கிற உறுப்பினர்கள் மூவரோடு நிறுத்தி உங்கள் வரியை, அதாவது உங்கள் குரல் வரிசைக்கான மெட்டை, நீங்கள் ஒருவராகவே பாட வைப்பார்கள். உண்மையான தேர்வு இதுதான். அறுபது பேர் பாடும் குழுவில் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம். பன்னிரண்டு பேரில் ஒரு வரிக்கு மூன்று பேர்தான். ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் இரண்டு. மூவரின் சிறு பிசிறு ஒன்றுக்குள் ஒன்று மறையும், இருவரின் பிசிறு அப்படியே கேட்கும்.

கே: எந்தப் பாடலைத் தேர்ந்தெடுப்பது?

ப: இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகாதது, நீண்ட மூச்சில் இழைந்து செல்லும் வரிகள் உள்ளது, உச்ச ஸ்வரம் உங்கள் எல்லைக்கு ஒரு முழு ஸ்வரமாவது கீழே நிற்பது. சுருதியை மாற்றிப் பாடுவதென்றால் மாற்றிய நொட்டேஷனையே (ஸ்வரங்கள் எழுதிய இசைத்தாளையே) கொண்டு போங்கள். பியானோ வாசிப்பவரை அங்கேயே மனக்கணக்கில் மாற்றச் சொன்னால் தடுமாறுவது அவர், கெடுவது உங்கள் பாட்டு.

கே: கர்நாடக இசை கற்றிருக்கிறேன். நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் பாடத் தெரியாது. வாய்ப்பு உண்டா?

ப: நீங்கள் நினைப்பதைவிடக் கையில் நிறைய வைத்திருக்கிறீர்கள். மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணத்தின் ஸ்வர ஸ்தானங்களே. தாளின் தொடக்கத்தில் ஷார்ப் (ஸ்வரத்தை அரை ஸ்வரம் ஏற்றும்) குறிகள் இருந்தால், கடைசி ஷார்ப் விழும் இடம் நி. அதற்கு அடுத்த அரை ஸ்வரம் ஸ. ஃபிளாட் (அரை ஸ்வரம் இறக்கும்) குறிகள் இருந்தால், கடைசி ஃபிளாட் விழும் இடம் ம. அங்கிருந்து க, ரி என்று இறங்கினால் ஸ. மேஜருக்குப் பதில் மைனர் ஸ்கேலில் அமைந்த பாட்டாக இருந்தால், இதே கணக்கில் பாட்டு த-வில் போய் நிற்கும். ஸ எங்கே என்று தெரிந்துவிட்டால் மற்றவை ஏணிப்படிதான்.

பாடும் முன் அரை நிமிடம் தருவார்கள். முதல் வரியைப் பாடிப் பார்ப்பதில் அதைச் செலவழிக்காதீர்கள். தாளக் குறி, தொடக்க ஸ்வரம், பெரிய தாவல்கள், நடுவில் திடீரென வரும் ஷார்ப், ஃபிளாட் ஆகியவற்றைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்வரம் தவறினாலும் லயத்தை விடாமல் மேலே போங்கள். நின்று திருத்துவதுதான் பெரிய பிழை. குழு உங்களுக்காக நிற்காது.

சிக்கல் கமகத்தில்தான். ஸ, ப தவிர மற்ற ஸ்வரங்களை அசைத்தே பழகிய குரலுக்கு, ஒரு க-வை எட்டு எண்ணிக்கைக்கு அசையாமல் பிடிப்பது கடினம். தம்புரா சுருதியோடு தினம் கால் மணி நேரம் அதை மட்டும் பழகுங்கள்.

கே: தேர்வில் “குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் கலக்கவில்லை” என்றார்கள். சத்தத்தைக் குறைத்துப் பாடினால் சரியாகுமா?

ப: ஆகாது. சத்தத்தைக் குறைத்தால் மூச்சின் பிடி தளர்ந்து சுருதியும் இறங்கும். குரல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பதற்கு முதல் காரணம் பெரும்பாலும் உயிரெழுத்து. ‘ஈ’யை உதட்டை அகட்டிப் பாடினால் கூர்மையாகக் கேட்கும், பக்கத்தில் இருப்பவர் உதட்டைக் குவித்துப் பாடினால் ஸ்வரம் ஒன்றாக இருந்தும் சேராது. இரண்டாவது, விப்ராட்டோ. அகலமான அதிர்வு இரண்டு பேரிடம் இருந்தால் சுருதி எங்கே நிற்கிறது என்றே தெரியாது.

மூன்றாவது நுட்பமானது. ஓர் அரை ஸ்வரத்தை 100 சென்ட் என்று கொண்டால், கீபோர்டின் அந்தர காந்தாரம் (சங்கராபரணத்தில் வரும் க) ஸ-விலிருந்து 400 சென்ட். துணைக்கருவி இல்லாமல் பாடும்போது இனிக்கிற காந்தாரம் சுமார் 386. கீபோர்டோடு மட்டுமே பழகியவர் அந்த 14 சென்டால் நெருடுவார். ஸ-வை ஒலிக்கவிட்டு, கீபோர்டின் காந்தாரத்தில் தொடங்கி, இரண்டு ஒலியும் மோதி எழும் அலையடிப்பு அடங்கும் வரை மெல்ல இறக்கிப் பாருங்கள்.

கே: தேர்வன்று ஜலதோஷம் என்றால்?

ப: மூக்கடைப்பு மட்டும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பாடலாம். குரல் கம்மியிருந்தால் வேறு நாள் கேளுங்கள். கனைக்காதீர்கள், கிசுகிசுக்காதீர்கள். குடிக்கிற தண்ணீர் குரல் நாணை நேரடியாகத் தொடுவதில்லை. உடம்பு வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். ஆகவே கடைசி நிமிடத்து மடக்கால் பெரிய பயனில்லை, காலையிலிருந்தே குடித்து வாருங்கள்.

கே: தேர்வாகிவிட்டேன். முதல் ஒத்திகைக்கு என்ன தயாரிப்பு?

ப: பென்சில். அத்துடன், உங்கள் வரியை வீட்டிலேயே பாடம் செய்துவிட்டுப் போங்கள். ஒத்திகை சேர்த்துப் பாடுவதற்கு, ஸ்வரம் கற்க அல்ல. நீண்ட வரிகளில் யார் எங்கே மூச்செடுப்பது என்று பக்கத்தவரோடு பேசிக் குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே இடத்தில் எடுத்தால் வரி அறுந்துவிடும். நீண்ட ஸ்வரத்தின் நடுவில், சத்தமில்லாமல் விலகி, சத்தமில்லாமல் திரும்பி வரவேண்டும். சொல் முடிவில் வரும் ‘ஸ்’ ஒலியை எந்த எண்ணிக்கையில் போடுவது என்பதையும் எழுதிவைப்பது நல்லது, இல்லாவிட்டால் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு நேரத்தில் சீறுவார்கள்.

கே: துணைக்கருவி இல்லாமல் பாடினால் முடிக்கும்போது சுருதி அரை ஸ்வரம் இறங்கிவிடுகிறது. யார் மேல் தப்பு?

ப: எல்லோர் மேலும் கொஞ்சம். ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வருமிடத்தில் தொய்வு விழும். ஏறும் படிகளைச் சிறிதாகவும் இறங்கும் படிகளைப் பெரிதாகவும் வைப்பது மனித இயல்பு. பாஸ் வரி இறங்கும் இடங்களைத் தனியாகப் பாடிப் பாருங்கள், கசிவு பெரும்பாலும் அங்கேதான். அதற்கும் அடங்காவிட்டால் பாட்டையே அரை ஸ்வரம் உயர்த்தித் தொடங்கலாம். விசித்திரம்தான், ஆனால் பல குழுக்களுக்கு அப்போது சுருதி நின்றுவிடுகிறது.