வாசகர் கேள்வி: பங்குத் தந்தை மீட்ட ருக்கே திராட்சை

கேள்வி: இத்தாலியில் அழியும் நிலையிலிருந்த ஒரு சிவப்பு ஒயின் திராட்சையைப் பாதிரியார் ஒருவர் காப்பாற்றினார் என்று படித்தேன். அது எந்தத் திராட்சை? ஒரு ரகத்தைக் காப்பாற்ற அதன் விதைகளைச் சேமித்து வைத்தால் போதாதா?
– வாசகி ஒருவர், கம்பம்

பதில்: நீங்கள் படித்தது ருக்கே என்னும் ரகத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். வடமேற்கு இத்தாலியின் பீட்மாண்ட் மாநிலத்தில், ஆஸ்தி நகருக்கு அருகிலுள்ள காஸ்தாஞோலே மொன்ஃபெராத்தோ என்ற சிற்றூர்தான் அதன் தாயகம். ஜாக்கொமோ கௌதா அடிகளார் 1964ஆம் ஆண்டு அவ்வூருக்குப் பங்குத் தந்தையாக வந்தபோது, கோயிலுக்குச் சொந்தமான திராட்சைத் தோட்டத்தில் பார்பேரா என்னும் வேறொரு ரகக் கொடிகளுக்கு இடையே சில வரிசைகள் மட்டும் ருக்கே நின்றிருந்தது. ஊரார் அதிலிருந்து இனிப்பான ஒயினைச் சிறிதளவு வடித்து, விருந்துக்கும் விழாவுக்கும் வைத்துக்கொள்வதோடு சரி; அதைத் தனி ரகமாகச் சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்ற எண்ணம் அன்று பரவலாக இல்லை. அதிக விளைச்சல் தரும் பார்பேரா இருக்கும்போது, குறைவாகக் காய்க்கும் கொடிக்கு நிலத்தை ஒதுக்க எந்த விவசாயிக்கும் மனம் வராது என்பதை நாம் புரிந்துகொள்ள முடியும். ஆயினும் வீட்டுத் தேவைக்காக ஓரிரு வரிசைகளை வெட்டாமல் விட்டுவைத்த அந்தக் குடும்பங்கள் இல்லையென்றால், அடிகளார் மீட்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

அவர் ருக்கேயைப் புதிதாக நட்டுப் பெருக்கினார். இனிப்பில்லாத ஒயினாக வடித்து, ‘பங்குத் தந்தையின் தோட்டம்’ என்று பொருள்படும் இத்தாலியப் பெயரில் புட்டிகளில் அடைத்து விற்றார். திருப்பலி முடிந்ததும் அங்கியை மாற்றிக்கொண்டு டிராக்டரில் ஏறித் தோட்டத்துக்குப் போய்விடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ரோஜாவின் மணமும் மிளகின் சாயலும் கொண்ட அந்த ஒயின் விலைபோவதைக் கண்ட பிறகே மற்ற விவசாயிகளும் துணிந்து நடத் தொடங்கினார்கள். 1987இல் டி.ஓ.சி. என்னும், விளையும் ஊரைச் சேர்த்து ஒயினின் பெயரைக் காக்கும் சட்டப் பாதுகாப்பும், 2010இல் அதைவிட உயர்ந்த டி.ஓ.சி.ஜி. தகுதியும் அதற்குக் கிடைத்தன. காஸ்தாஞோலே உள்ளிட்ட ஏழு ஊர்களில் விளைந்து, குறைந்தது 90 விழுக்காடு ருக்கே கலந்திருந்தால்தான் அந்தப் பெயரை இட முடியும். அடிகளார் 2008இல் காலமானார். இரண்டாவது தகுதியை அவர் காணவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. விதை போதாது. நல்ல மாம்பழத்தின் கொட்டையை நட்டால் அதே பழம் வருவதில்லை என்பதால்தானே ஒட்டுக் கன்று வாங்குகிறோம்? திராட்சையும் அப்படித்தான், விதையிலிருந்து முளைப்பது தாய்க்கொடியின் குணங்கள் கலைந்து சேர்ந்த வேறொரு புதுக்கொடி. ஆகவே உயிருள்ள கொடியிலிருந்து குச்சி வெட்டித்தான் ரகத்தைத் தொடர வேண்டும். அதிலும், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த ஃபைலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி தோட்டங்களை அழித்த பிறகு, அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்க இன வேர்ச்செடியின் மேல் ஒட்டுக் கட்டியே நடுகிறார்கள். அவ்வாறு மறுநடவு செய்த காலத்தில் எந்த ரகத்தின் குச்சியை ஒருவரும் வெட்டி எடுக்கவில்லையோ, அந்த ரகம் கடைசிக் கொடி பட்டுப்போனதோடு முடிந்தது.

ருக்கே பிரான்சிலிருந்து வந்தது என்று நெடுநாள் பேச்சு இருந்தது. மரபணு ஆய்வோ, குரோவாத்தினா, பார்மாவின் நறுமண மல்வசியா என்னும் இரண்டு வட இத்தாலிய ரகங்களின் இயற்கைக் கலப்பில் அது பிறந்தது என்று காட்டியுள்ளது. ருக்கேயின் ரோஜா மணம் மல்வசியாவின் வழி வந்ததாக இருக்கலாம். அந்தத் தாய் ரகம் இன்று மிக அரிதாகிவிட்டது.