22 நிமிடத்தை 23 ஆக்கச் சொன்னால்...

கேள்வி: நியூஜெர்சியில் ஒரு நர்சிங் ஹோமில் 14 மாதங்களாக ஆக்குபேஷனல் தெரபி அசிஸ்டென்டாக இருக்கிறேன். மணிக்கு 30 டாலர், நாளுக்கு 8 மணி நேரம், வாரம் 5 நாள். 90 சதவீதம் புரொடக்டிவிட்டி (வேலை நேரத்தில் பில் போடக்கூடிய தெரபியின் பங்கு) வேண்டும் என்பதால், நோயாளிகளைப் பற்றிய நோட்ஸை பன்ச் அவுட் செய்த (வேலை முடிந்ததாக நேரம் பதிந்த) பிறகு எழுதச் சொல்கிறார் மேனேஜர். தினமும் முக்கால் மணி நேரம் சம்பளமில்லாமல் போகிறது. சில சமயம் தெரபி நேரம் 22 நிமிடம் என்று நான் எழுதியதை 23 ஆக்கச் சொல்கிறார். நாலைந்து தடவை மாற்றியும் கொடுத்துவிட்டேன். கணவரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வேலை அனுமதி பெற்றவள் நான். புகார் செய்தால் எங்கள் விசாவுக்கு ஆபத்தா?

பதில்: விசாவிலிருந்தே தொடங்குவோம். எச்-4 வேலை அனுமதி அட்டை எந்த முதலாளியையும் சார்ந்ததல்ல. இந்த வேலை போனாலும் அட்டை செல்லும். கணவரின் எச்-1பி அவருடைய கம்பெனி சம்பந்தப்பட்டது. சம்பளப் புகார் கொடுத்ததால் இரண்டுக்கும் எதுவும் ஆகாது. ஆபத்து என்று ஒன்று இருந்தால், அது அந்த 23-இல் இருக்கிறது.

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனி விவகாரங்கள். சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில் சம்பளம். 90 சதவீத இலக்கு வைப்பது மட்டும் சட்டவிரோதம் அல்ல. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 480 நிமிடத்தில் 432 பில் ஆக வேண்டும், மிச்சம் 48. பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு நாலு நிமிடம் நோட்ஸ் எழுதினாலே அது தீர்ந்துவிடும். டைனிங் ஹாலிலிருந்து ஆளை அழைத்து வருவதற்கும், டாய்லெட் வாசலில் காத்திருப்பதற்கும், வீல்சேரின் ஃபுட்ரெஸ்ட்டைத் தேடுவதற்கும் நேரமே இல்லை. நோட்ஸ் பன்ச் அவுட்டுக்குப் பின்னால் தள்ளப்படுவது இதனால்தான்.

மத்திய தொழிலாளர் சட்டப்படி, வேலை நடக்கிறது என்று தெரிந்தும் முதலாளி அதை அனுமதித்தால் கூலி கொடுத்தே ஆக வேண்டும். 'அனுமதியில்லாத ஓவர்டைமுக்குப் பணமில்லை' என்று ஹேண்ட்புக்கில் எழுதியிருந்தாலும் தப்ப முடியாது. வேண்டாத வேலையைத் தடுப்பது அவர்கள் பொறுப்பு. வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு. சில நர்சிங் ஹோம்கள் ஊழியரோடு முன்கூட்டியே பேசி 14 நாள், 80 மணி என்ற முறையில் கணக்கிடுகின்றன. அந்த முறையிலும் நாளுக்கு 8 மணியைத் தாண்டினால் ஓவர்டைம்தான், ஆகவே உங்களுக்கு வித்தியாசமில்லை.

வாரம் 3.75 மணி நேரம், மணிக்கு 45 டாலர், ஆக 168.75 டாலர். 60 வாரத்துக்கு 10,125. மத்திய சட்டத்தில் இதே அளவு தொகை இழப்பீடாகச் சேரும். நியூஜெர்சி சட்டம் பாக்கிக்கு மேல் 200 சதவீதம் வரை தரலாம் என்கிறது; முழுமையாகக் கிடைத்தால் மொத்தம் 30,375. கெடு மத்திய சட்டத்தில் 2 வருடம், வேண்டுமென்றே செய்தது என்று நிரூபித்தால் 3. நியூஜெர்சியில் 6. மதிய உணவுக்கென்று அரை மணி நேரம் தானாகக் கழிக்கப்பட்டு, நீங்கள் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு நோட்ஸ் அடித்திருந்தால், அதையும் சேருங்கள்.

இனி 23. மெடிகேர் என்பது முக்கியமாக முதியோருக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு. அதில் ஆஸ்பத்திரிக்குப் பின் நர்சிங் ஹோமில் குறுகிய காலம் தங்குவதற்கான பார்ட் ஏ-வில் 2019 அக்டோபர் 1 முதல் தெரபி நிமிடத்தை வைத்துப் பணம் நிர்ணயிப்பதில்லை. ஆனால் ஹோமிலேயே நிரந்தரமாகத் தங்கியிருப்பவர்களுக்கு நீங்கள் தரும் தெரபி பெரும்பாலும் பார்ட் பி பில். அங்கே 8 முதல் 22 நிமிடம் வரை ஒரு யூனிட் (பில் போடும் அளவு), 23 முதல் 37 வரை இரண்டு. பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கையால் சட்டைப் பட்டன் போடப் பழக்கினீர்கள், 22 நிமிடம் ஆனது. ஒரே ஒரு நிமிடம் கூட்டினால் பில் இரட்டிப்பாகிறது. மேனேஜர் 30 ஆக்கச் சொல்லாமல் 23 என்று குறிவைத்துச் சொல்கிறார், கவனித்தீர்களா? அந்தத் துல்லியமே அவருக்கு எதிரான சாட்சி.

இதற்குப் பொய்க் கோரிக்கைச் சட்டம் இருக்கிறது: அரசிடம் பொய் பில் போட்டுப் பணம் வாங்குபவர்கள் மீது, விஷயம் தெரிந்தவரே அரசின் சார்பில் வழக்குப் போடலாம். தெரபி பில் குற்றச்சாட்டில் லைஃப் கேர் சென்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா 2016-இல் 14.5 கோடி டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டது. அந்த வழக்குகளைத் தொடங்கியவர்கள் முன்னாள் ஊழியர்கள். ஆனால் உங்கள் நிலையில் ஒரு சிக்கல்: கையெழுத்து உங்களுடையது. 'மேனேஜர் சொன்னார்' என்பது லைசென்ஸ் விசாரணையில் முழுப் பாதுகாப்பு ஆகாது. இன்றே நிறுத்துங்கள். இனி கேட்டால், "நடந்த நேரத்தைத்தான் எழுத முடியும்" என்று மெசேஜில் பதில் போடுங்கள். பழைய பதிவுகளைத் திருத்தப் போகாதீர்கள். தடயத்தை மறைத்ததாகத் தெரியும். கம்பெனியின் கம்ப்ளையன்ஸ் நம்பரை (விதிமீறல் புகாருக்கான உள் தொலைபேசியை) கூப்பிடுவதற்கு முன், பொய்க் கோரிக்கை வழக்கு நடத்தும் வக்கீலைப் பாருங்கள். வழக்கு ரகசியமாக, சீலிட்ட உறையில் ஃபெடரல் கோர்ட்டில் தாக்கலாகும்; முதலில் தாக்கல் செய்பவருக்கே அதை நடத்தும் உரிமை. ஆகவே தெரபிஸ்டுகளின் வாட்ஸ்அப் குரூப்பில் மூச்சு விடக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அசிஸ்டென்ட் செய்த தெரபிக்கு 2022 முதல் பார்ட் பி 85 சதவீதமே தருகிறது. நீங்கள் செய்ததைத் தெரபிஸ்ட் பெயரில் போடச் சொன்னால் காரணம் அந்த 15 சதவீதம். இருவரை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு தனித்தனியாக பில் போடுவதும் இதே ரகம்.

ஆதாரத்துக்கு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும்: தேதி, பன்ச் அவுட் நேரம், உண்மையில் எழுந்து போன நேரம், யார் என்ன சொன்னார். நோயாளி பெயர் வேண்டாம். சம்பளச் சீட்டுகளையும் மேனேஜரின் மெசேஜ்களையும் பத்திரமாக வையுங்கள். சார்ட்டை (நோயாளியின் மருத்துவப் பதிவை) போட்டோ எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நோட்ஸ் எத்தனை மணிக்குக் கையெழுத்தானது என்பது சாஃப்ட்வேரிலேயே பதிவாகியிருக்கும். அதை வக்கீல் கேட்டு வாங்குவார்.

சம்பளப் புகாரை நியூஜெர்சி தொழிலாளர் துறையில் செலவில்லாமல் கொடுக்கலாம். ஆனால் வக்கீலைப் பார்த்தபின் கொடுங்கள். சம்பளப் புகார், பொய்க் கோரிக்கை வழக்கு இரண்டிலும் சொல்லும் தேதிகள் முரண்படக் கூடாது. ஷிஃப்டைக் குறைத்தாலோ வேலையை விட்டு நீக்கினாலோ அந்தத் தேதியைக் குறித்துவையுங்கள். பழிவாங்கலுக்கு எதிரான வழக்குக்கு மத்திய பொய்க் கோரிக்கைச் சட்டத்தில் 3 வருடம் இருந்தாலும், நியூஜெர்சியின் மனசாட்சி ஊழியர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரே வருடம்தான்.