ஒரே சாக்குப் பருப்பு, இரண்டு ரிப்போர்ட்

கேள்வி: மார்த்தாண்டம் அருகே சிறிய அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) நடத்துகிறேன். ஒரே சாக்கு முந்திரிப்பருப்பை இரண்டு ஆய்வகங்களில் கொடுத்தேன். 100 கிராமுக்கு இரும்பு ஒன்றில் 6.5 மில்லிகிராம், மற்றதில் 14. மக்னீசியம் இரண்டிலும் 290-ஐ ஒட்டியே இருக்கிறது. பாக்கெட்டில் எதை அச்சிடுவது? கொல்லத்துக்குச் சரக்கெடுக்கும் தரகர், தானே நல்ல ரிப்போர்ட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: 14-ஐ அச்சிடாதீர்கள். முந்திரியில் இரும்பு பொதுவாக 6, 7 மில்லிகிராம்தான். ஈரத்தைக் கழித்துக் கணக்கிட்டோம் என்று ஆய்வகம் சமாதானம் சொல்லும். பருப்பின் ஈரம் 5 சதவீதம். அதைக் கழித்தால் எண் இரட்டிக்காது, மக்னீசியமும் கூடவே ஏறியிருக்கும். இரும்பு மட்டும் எகிறியிருப்பதால் அது வெளியிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதல் சந்தேகம், ஆய்வகத்தில் மாதிரியை அரைக்கும் மிக்சி மேல். எண்ணெய்ப் பருப்பு விழுதாகிப் பிளேடில் ஒட்டும். அரைப்பவர் விடாமல் ஓட்டுவார். தேய்ந்த எஃகுப் பிளேடின் அடியை விரலால் துடைத்துப் பாருங்கள், கறுப்பாக ஒட்டும். அதுவும் சேர்த்தே அளக்கப்படுகிறது. பீங்கான் உரலில் இடிக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துச் செம்மண் தூசியிலும் இரும்பு நிறைய. தரையில் கொட்டிய பருப்பை அனுப்பாதீர்கள்.

செலினியம் என்ற தாதுவையும் அளக்கச் சொன்னால், அது தனிக்கதை. அது மில்லிகிராமில் அல்ல, மைக்ரோகிராமில் இருக்கிறது: முந்திரியில் 100 கிராமுக்கு 20 அளவில், அதுவும் மண்ணைப் பொறுத்து மாறும். பருப்பை உலையில் 500 டிகிரிக்கு மேல் சாம்பலாக்கினால் இரும்பும் துத்தநாகமும் சாம்பலில் தங்கும், செலினியமோ ஆவியாகிப் போய்விடும். பிறகு எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் அளந்தாலும் என்ன பயன்? மூடிய கலத்தில் நைட்ரிக் அமிலத்தில் கரைத்திருக்க வேண்டும். "சாம்பலாக்கினீர்களா, அமிலத்தில் கரைத்தீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். இந்த ஒரு வரியை ரிப்போர்ட்டில் அச்சிட எத்தனையோ ஆய்வகங்களுக்கு மனம் வருவதில்லை. பணம் கட்டியவர் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது!

தரகரிடம் மாதிரியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். வேறு பருப்பு ஆய்வகத்துக்குப் போகும், உங்கள் பெயரில் ரிப்போர்ட் வரும். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் முத்திரையைக் காட்டினாலும் மயங்காதீர்கள். அங்கீகாரம் குறிப்பிட்ட பொருளுக்கும் குறிப்பிட்ட சோதனைக்கும்தான். தண்ணீரில் இரும்பு அளக்க அங்கீகாரம் வாங்கியவர் முந்திரிக்கும் அதே பெருமையைப் பேசுவார். அங்கீகாரப் பட்டியல் என்.ஏ.பி.எல். இணையதளத்தில் இருக்கிறது, கொட்டைப் பருப்பும் நீங்கள் கேட்கும் தாதுவும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சாக்கின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் அள்ளிக் கலந்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். மறுபாதியைக் காற்றுப் புகாமல் மூடி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு வீட்டில் வையுங்கள். மறுபடி எண்கள் முட்டிக்கொண்டால் மூன்றாவது ஆய்வகத்துக்குப் போக வேண்டியது அதுதான்.