எவ்வளவு விசுவாசம்?

கேள்வி: என் தாயார் ஒரு வருடமாகப் படுத்த படுக்கை. "உங்கள் இருதயத்தில் விசுவாசம் குறைவு, அதனால்தான் சுகம் வரவில்லை" என்று ஜெபக்குழுவில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். எவ்வளவு விசுவாசம் இருந்தால் சுகம் கிடைக்கும்?
- ஒரு வாசகி

பதில்: இந்த 'எவ்வளவு' உங்கள் வார்த்தை அல்ல, உங்கள் தலையில் ஏற்றிவைக்கப்பட்டது. ஏற்றிவைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை.

சீஷர்களும் இதே கணக்கோடுதான் வந்தார்கள். எங்கள் விசுவாசத்தைப் பெருகப்பண்ணும் என்று லூக்கா 17-ல் கேட்கிறார்கள். கூடுதலாகக் கேட்டவர்களுக்கு, கடுகளவு போதும் என்று இயேசு கடுகைக் காட்டினார். ஒரு கடுகின் குறுக்களவு 1 முதல் 2 மில்லிமீட்டர். அதற்கும் கீழே அளந்து பார்க்க இவர்களிடம் என்ன படி இருக்கிறது?

நான்கு சுவிசேஷங்களையும் புரட்டுங்கள். விசுவாசம் போதாது என்று ஒரு நோயாளியை இயேசு திருப்பியனுப்பின சம்பவம் ஒன்றுகூடக் கிடையாது. பெரும்பாடுள்ள ஸ்திரீயிடம் விசுவாசத்தைக் கண்டார், அதைப் பாராட்டினார். இரண்டு குருடரிடம் விசுவாசிக்கிறீர்களா என்று கேட்டார். உண்மை. ஆனால் 38 வருடம் பெதஸ்தா குளத்தருகே கிடந்தவனுக்குத் தன்னைக் குணமாக்கினவர் யாரென்றே தெரியாது. நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரன் வீட்டில் படுத்திருந்தான். விசுவாசம் அவனுடைய எஜமானுடையது. நாயீன் ஊர் விதவை எதையும் கேட்கவே இல்லை, செத்த மகனின் பாடையோடு அழுதுகொண்டு போனாள். அவள் மகன் உயிரோடு எழுந்தான். பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் மல்குஸ் வந்ததோ இயேசுவைப் பிடித்துக்கொண்டு போக. சீஷன் வெட்டின அவன் காதும் குணமாயிற்று. யவீருவின் 12 வயது மகள் செத்தே போயிருந்தாள், அவள் இருதயத்தில் எதை அளப்பது?

உடனே இயேசு வளர்ந்த ஊரான நாசரேத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அங்கே அவிசுவாசத்தினால் அற்புதம் நடக்கவில்லையே என்பார்கள். மாற்கு 6-ஐ முழுவதும் வாசித்துவிட்டு வரட்டும். இவன் தச்சன் அல்லவா என்று இடறினவர்கள் திடகாத்திரமாக ஜெப ஆலயத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். அந்த ஊரிலும் சில நோயாளிகள் மேல் கைவைத்துக் குணமாக்கினார் என்று அதே வசனம் சொல்கிறது. இயேசு ஆச்சரியப்பட்டது ஊராரின் அவிசுவாசத்தைக் கண்டு. படுக்கையில் கிடந்தவர்களின் அவிசுவாசத்தைக் கண்டு அல்ல.

இருதயத்தைப் பற்றியும் பேசிவிடலாம், அதையும் உங்கள் மேல்தானே போட்டிருக்கிறார்கள். மாற்கு 2-ல் கப்பர்நகூம் வீடு. அந்த ஊர் வீடுகளுக்கு எரிமலைக் கருங்கல் சுவர். மேலே மர உத்தரம், அதன்மேல் குச்சியும் நாணலும் பரப்பி மண் பூசியிருப்பார்கள். மண்ணைத் தோண்டாமல் அந்தக் கூரையைத் திறக்க முடியாது. திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நாலு பேரும் வாசலில் கூட்டம் விடாததால் மேலே ஏறி, கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவனை இறக்கினார்கள். கீழே உட்கார்ந்திருந்த வேதபாரகரின் தலையில் மண் கொட்டியிருக்கும். இயேசு 'அவர்கள் விசுவாசத்தைக்' கண்டார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் அந்தக் கதை முழுவதிலும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று இருதயத்தைப் பற்றிக் கேள்வி கேட்கப்பட்டது யாரிடம்? உட்கார்ந்து குறை யோசித்த வேதபாரகரிடம். அடுத்த அதிகாரத்தில் சூம்பின கையுடையவன் நடுவே நிற்கிறான். இயேசு கோபத்தோடு சுற்றிலும் பார்த்து விசனப்பட்டது, பார்த்துக்கொண்டிருந்தவர்களின் இருதயகடினத்துக்காக. இருதயகடினம் என்ற குற்றச்சாட்டு சுவிசேஷங்களில் ஒரு நோயாளியின் மேலும் விழவில்லை.

பேதுரு கடல்மேல் நடந்துபோய் மூழ்கினதைப் பற்றிய பிரசங்கங்களோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு, அதையும் தீர்த்துவிடுகிறேன். மத்தேயு 14-ல் வரிசையைக் கவனியுங்கள். பேதுரு அலறுகிறான், உடனே இயேசு கையை நீட்டிப் பிடிக்கிறார், அதற்குப் பிறகுதான் "அற்பவிசுவாசியே". பிரசங்கிகள் கடிந்துகொள்வதில் ஆரம்பித்து அதிலேயே முடிக்கிறார்கள், கை வருவதே இல்லை. அதே இரவைச் சொல்லும் மாற்கு, பேதுரு தண்ணீர்மேல் நடந்ததை விட்டுவிட்டு, படகிலிருந்தவர்களின் திகைப்புக்கு வேறு காரணம் சொல்கிறார்: இருதயம் கடினமாயிருந்ததால் அப்பங்களின் சம்பவத்தை அவர்கள் உணரவில்லை. 5 அப்பம், 5000 பேர், 12 கூடை மீதி. அது அன்று சாயங்காலம்தான் நடந்தது, விடியுமுன் மறந்துவிட்டார்கள்.

உங்கள் தாயாருக்குச் சுகம் வருமா என்று நான் சொல்ல முடியாது. கெத்செமனேயில் இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று இயேசுவே ஜெபித்தார், பாத்திரம் நீங்கவில்லை. அவருடைய விசுவாசம் குறைவு என்று உங்கள் ஜெபக்குழு சொல்லத் துணியுமா? ஜெபிக்க வார்த்தை வராத நாளில் மாற்கு 9-ல் வரும் தகப்பனின் ஜெபத்தைச் சொல்லுங்கள்: விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும். அவ்வளவுதான் அவனிடம் இருந்தது. அவன் மகன் குணமானான். விசுவாசத்தை நிரூபிக்க மருந்தை நிறுத்தச் சொல்பவர் யாராயிருந்தாலும் அவரை நோயாளியின் அறைக்குள் விடாதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் மாற்கு 2-ன் முதல் 12 வசனங்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் ஒரு தாளில் ஏழு கிழமைகளையும் எழுதி நீட்டுங்கள். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் முதலில் தோல் சிவக்கும், பிறகு புண்ணாகும். இழுத்துத் திருப்பினால் தோல் உரியும் என்பதால், அடியில் விரித்த துணியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கித்தான் மாற்ற வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. இரவு 10 மணிக்கும், 12 மணிக்கும், 2 மணிக்கும், 4 மணிக்கும் மறுபக்கத்துத் துணியைப் பிடிக்க எந்தக் கிழமை யார் வருகிறார்கள் என்று பெயரை எழுதி வாங்குங்கள்.